கிணறு கேட்ட மனு

"ஒருத்தரும் வெளிய போகக்கூடாது."

பத்தாம் வகுப்பின் கதவைத் தாழிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார் சரித்திர வாத்தியார் சென்னகிருஷ்ணன். கடைசி மணி அடித்து வெகுநேரமாகிவிட்டது.

காணாமல் போனது ஒரே ஒரு தாள். குடிதண்ணீர்க் கிணறு கேட்டு, வெள்ளைக்காரன் காலத்தில் கருமத்தம்பட்டிப் பக்கத்துப் பண்ணையாட்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்த அசல் மனு. புத்தகத்தில் இல்லாத சரித்திரத்தைப் பிள்ளைகள் தொட்டுப் படிக்கட்டுமே என்று மனுஷனுக்கு ஓர் ஆசை.

கலெக்டர் ஆபீஸ் ஆவண அறையில் வேலை பார்க்கும் சிநேகிதர் பஷீர், ஒரே ஒரு நாளைக்கென்று யாருக்கும் தெரியாமல் கொடுத்திருந்தார். "கிழிஞ்ச எடத்துல டேப்புகூட ஒட்டிராதீங்க சார். போன மாதிரியே திரும்பி வரோணும். இல்லாட்டி எம்பட வேலை போயிருமுங்க."

இதோ, அதை வாங்கிப்போக வந்து, பள்ளிக்கூட கேட் அருகே ஸ்கூட்டரோடு நிற்கிறார். ஜன்னல் வழியே தெரிகிறது.

காலையில் பாடம் என்னவோ பிரமாதம். தலைமையாசிரியை அன்புக்கரசி டீச்சரே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து கேட்டார். "ஏனுங்க சார், இதென்ன தொட்டாவே உதிருது? எம்பட பி.எட். சர்டிபிகேட்டை வந்து பாருங்க, நேத்து வாங்குனதாட்ட இருக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சோமனூரில் ஒரு வேலை என்று கிளம்பிய டீச்சர் இன்னும் வரவில்லை. அவர் வருவதற்குள் தாள் கிடைத்தாக வேண்டும்.

எல்லாப் பைகளையும் கொட்டிப் பார்த்தாயிற்று. வாத்தியாரின் கண் பொற்கொடியிடமே போய்ப் போய் நின்றது. மனுவில் கைநாட்டு வைத்திருந்தவர்களில் ஒருவரான ஐயாசாமி அவளுடைய பூட்டன். காலையில் அந்தக் கைநாட்டின்மேல் தன் பெருவிரலை வைத்துவிட்டு எடுக்க மனமில்லாமல் நின்றவளும் அவள்தான்.

"எடுத்திருந்தா குடுத்துரு கண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான் எடுக்கலீங்க சார். எங்க பூட்டன் பேரு இருக்கறதை நானே எதுக்குங்க திருடப் போறேன்?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே பஷீர் ஹாரன் அடித்தார். கதவைத் திறந்தால் தாள் போய்விடும், திறக்காவிட்டால் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் போய்விடும். வாத்தியார் மேசை இழுப்பறையை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். எந்த நேரத்தில் இந்த ஆசை வந்ததோ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. தாழைத் திறந்தால், அன்புக்கரசி டீச்சர்.

"பிள்ளைகளை இன்னும் ஊட்டுக்கு உடலீங்களா? உங்க மேசை மேல இருந்த தாளு எங்கிட்ட இருக்குதுங்க. நாந்தான் எடுத்துட்டுப் போனேன்." கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

போன உயிர் திரும்பி வந்தது சென்னகிருஷ்ணனுக்கு. "மன்னிச்சுக்க அம்மணி" என்று பொற்கொடியின் தலையைத் தடவினார். ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கையை ஆட்டிக் கூப்பிட்டார். பஷீரும் சிரித்தபடியே படியேறி வந்தார்.

"தாளு இவரோடதுங்களா?" டீச்சர் பொட்டலத்தைப் பிரித்து, முகமெல்லாம் பூரிப்பாகப் பஷீரிடமே நீட்டினார்.

"இனி தொட்டா உதிராதுங்க. லேமினேசன் போட்டாச்சு."