வண்டியில் ஏறியவர்கள்

"இதுதான் மச்சான் நமக்குக் கடைசி ஆயுதம். இதையும் வேண்டாம்னா வீட்டுல உக்காந்து எதிராளிக்குக் கைதட்ட வேண்டியதுதான்."

மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. பின்னே? வேட்பாளருக்குத் தங்கை புருஷனாகிவிட்ட பாவத்துக்குத் தேர்தல் வேலை முழுக்க அவர் தலையில்தான் விழுந்திருந்தது.

வேட்பாளர் ரொம்ப வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். நாடாளுமன்றத்துக்கு நிற்கிறேன் பேர்வழி என்று அந்த வேலையை விட்டுவிட்டார். தோற்றால் திரும்பிப் போக இடமில்லை.

அவர் திட்டம் ஒன்றே ஒன்றுதான். ரயில்வே கேட்டுக்கு மேலே ஒரு பாலம். மூடிய கேட்டின் முன்னால் நோயாளியோடு நின்று நின்று நொந்துபோனவர், வீடு வீடாக நடந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாலம் பாலம்னு சொன்னா ஓட்டு விழாது மச்சான். எதிர்த்து நிக்கிற ஆளு மேடைக்கு மேடை மதுவை ஒழிப்பேன்னு முழங்குறான். போன வருஷம் பூங்காவுல குடிச்சிட்டு உருண்டு கிடந்த அவனைத் தூக்கிட்டுப் போனது உங்க வண்டிதான்னு ஊரே குசுகுசுன்னு பேசுது. நீங்க 'ஆமா'ன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

"வண்டியில ஏறினவங்களைப் பத்தி நான் வெளியில பேசுறதில்ல, மாப்பிள்ளை."

"அது வேலையில இருந்தப்ப. இப்பத்தான் விட்டாச்சே?"

"வேலையைத்தான் விட்டேன்."

மாப்பிள்ளை எழுந்து அறைக்குள் நொண்டி நொண்டி நடந்தார்.

"போயும் போயும் ஒரு குடிகாரனுக்கா இவ்வளவு பரிவு? வெளியில ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னு வேஷம் போடுறவன் மச்சான் அவன். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தா, அது ஜனங்களுக்கு நாம பண்ற துரோகம்."

வேட்பாளர், நடந்து நடந்து தேய்ந்த செருப்பின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தங்கை டீ டம்ளர்களோடு வந்தாள்.

"உக்காந்து பேசக் கூடாதா? அந்தக் காலை வச்சுக்கிட்டு இப்படி நடந்தா வலிக்காதா?" என்று புருஷனைக் கடிந்துகொண்டாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கடங்காரன் வண்டியால இவரை இடிச்சுப் போட்டுட்டுப் போனானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான். ஏண்ணா, அன்னைக்கு இவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது நீதானே? இடிச்சது எந்த வண்டின்னு விசாரிச்சிருக்கக் கூடாதா?"

மாப்பிள்ளை கையில் வாங்கிய டீ அப்படியே நின்றது.

"நான் போறதுக்குள்ள அவன் போயிட்டாம்மா. நல்ல மழை வேற" என்றார் வேட்பாளர்.

"எப்பக் கேட்டாலும் இதையே சொல்லு" என்று அலுத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.



"டீ ஆறுது, குடிங்க மாப்பிள்ளை" என்றார் வேட்பாளர்.

மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை.

"பாலத்தைப் பத்தியே பேசுவோம் மச்சான்" என்றார்.

இடிக்க எந்த வண்டியும் வராத அந்த மழை நாளில், மதுக்கடை வாசல் சாக்கடைக்குள் விழுந்து காலொடிந்து கிடந்த மாப்பிள்ளையை அள்ளி எடுத்து, தங்கை பார்ப்பதற்குள் வாயைக் கழுவிவிட்டவர் அந்த மச்சான்தான்.