உள்ளே எத்தனை பேர்?

புயல் மாதங்களில் எங்கள் வேதாரண்யம் வீட்டுக் கதவு தினமும் காலை ஆறரைக்கு, "உள்ளே எத்தனை பேர்?" என்று கேட்கும். நான் பல் துலக்கிக்கொண்டே "ரெண்டு" என்பேன். எல்லோரும் உள்ளே என்று தெரிந்துவிட்டால், காற்று வலுத்ததும் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். புயல் கடந்த பிறகுதான் திறக்கும்.

"எண்ணாமலே கணக்குச் சொல்ற ஒரே இன்ஜினியர் நீதான்டா," என்பாள் என் மனைவி மதிவதனி.

கார்த்திகை ஐந்தாம் தேதியும் "ரெண்டு" என்றேன். அவள் ஓட்டுக் கூரையை ஒட்டிய சின்ன மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் இறங்கி வருவதற்குள் கதவு பூட்டிவிட்டது.

கம்பியில்லாத சமையலறைச் சன்னலைச் சுத்தியலால் அடித்தேன். நான்காவது அடியில் கண்ணாடியில் விரிசல் விட்டது. இன்னும் இரண்டு அடி போதும். வெளியே சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் ஒன்றைக் கத்திச் சொன்னாள். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

பக்கத்து வீட்டுத் தகரம் பறந்து வந்து அவள் கழுத்தில் இறங்கியது. கண்ணாடி சிவந்தது. மழை அதைக் கழுவியது. கதவு ஒன்பது மணி நேரம் கழித்துத் திறந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா என்னையத்தானே கூப்பிட்டா, மாப்ள?"

"ஆமா அத்தை," என்றேன்.

அவள் சொன்னது இதுதான்: "உடைக்காதடா. காத்து உள்ள பூந்தா கூரையே போயிடும்."