சலூனில் ஒரு டாங்கிச் சண்டை

மத்தியான வெயிலில் சலூன் டிவியில் ஓடும் படத்தில் ஒற்றை டாங்கி பதினைந்து டாங்கிகளை எதிர்த்து நிற்கிறது. பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு, சண்டையே தங்களை நம்பித்தான் நடக்கிறது என்ற நினைப்பு. நாற்காலியில் இருக்கும் தரகருக்கு ஒரு கன்னம் வழுவழுப்பு, மறு கன்னத்தில் நுரை காய்கிறது. "அண்ணே, கத்தி என் கழுத்துல நிக்குது, ஞாபகம் இருக்கா?" சலூன்காரருக்குக் காதில் விழுந்தால்தானே. அவருடைய மகன் எல்லையில் டாங்கி ஓட்டுகிறான். நாலு நாளாக ஃபோன் இல்லை. தெருவுக்கே தெரியும், ஆனாலும் சானலை மாற்ற ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. திரையில் டாங்கிக்குள் புகை. "கடைசிக் குண்டு வரைக்கும் சுடுவோம்" என்கிறான் தலைவன். பெஞ்ச் கைதட்டுகிறது. சலூன்காரர் பார்ப்பதோ பீரங்கிக் குழாய்க்கு அடியில் இருக்கும் சின்ன மூடியை. குழாய் நேராக நின்றால் ஓட்டுகிறவனின் மூடி திறக்காது, மேலே இருப்பவர்கள் குழாயைத் திருப்பினால்தான் அவன் வெளியே வரலாம் என்று லீவில் வந்த மகன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். திரையில் குழாய் நேராகத்தான் நிற்கிறது. "கொஞ்சம் பக்கமா திருப்பச் சொல்லுங்களேன்" என்கிறார், யாரிடம் என்றில்லாமல். "யார்கிட்டண்ணே சொல்றது? அது படம்" என்று பெஞ்சிலிருந்து சிரிக்கத் தொடங்கிய தையல்காரர், அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார். அடுத்த குண்டும் நேராகவே போகிறது. சலூன்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் தரகரின் தலையைப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல, ஒரு பக்கமாகத் திருப்புகிறார்.