ஒரே ஒரு செல்

"கருப்பையில வைக்கறதுக்கு முன்னாடி கருவுலேர்ந்து ஒரே ஒரு செல்லைத்தான் எடுத்துச் சோதிக்கிறோம். அதோட டிஎன்ஏவைப் பெருக்கும்போது அப்பாவோட ஜீனோ அம்மாவோட ஜீனோ விட்டுப்போய், நோய் இருக்கறது தெரியாமப் போகலாம். முன்னாடியே சொன்னேனேம்மா," என்றார் டாக்டர் மேகலா.

"தலசீமியா ரத்த நோய் இல்லாத கருன்னீங்க. மூத்தவளுக்கு எலும்பு மஜ்ஜை தர இதுதான் பொருத்தம்னீங்க," என்றாள் ஜுவேரியா.

"பொருத்தம் சரிதான்."

"அப்ப அது போதுமே டாக்டர்? என் பொண்ணு பொழைச்சிடுவால்ல?"

"அதே நோய் இருக்கிற மஜ்ஜையை எப்படிம்மா கொடுக்கிறது?" என்றார் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்த மூத்தவள் அஞ்சும் எட்டிப் பார்த்தாள். ஜுவேரியாவின் மடியில் கிடந்த கைக்குழந்தைக்கு நர்ஸ் ரத்தம் ஏற்ற ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

அஞ்சும் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

"அம்மா, இனிமே மாசாமாசம் ரத்தம் ஏத்திக்க தம்பியும் என்கூட வருவானா?"