மாமாவுக்கும் போன மெயில்

வேலை போனதை மறைத்து, தினமும் டை கட்டிக்கொண்டு போய் கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தான் இன்ஸாப். வேலை தேடும் வலைத்தளக் கணக்கை ஈமெயிலோடு இணைத்தபோது, எதையோ வாசிக்காமல் அழுத்திவிட்டான். 'இன்ஸாப் வேலை தேடுகிறார்' என்று தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் மெயில் பறந்துவிட்டது.

மனைவி பர்ஹாவிடம் ஈமெயில் இல்லை. அவளுடைய வாப்பாவிடம், அதாவது மாமாவிடம், இருந்தது. இருவரும் குடியிருப்பதோ அவருடைய வீட்டில்!

மாலையில் வேலைப் பையோடு வந்த மாமா, அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மகன், உங்கட மெயில் கெடச்சிச்சு."

"மாமா, பர்ஹாக்கு மட்டும் சொல்ல வேணாம்…" இன்ஸாப் கெஞ்சினான்.

மாமா டையைத் தளர்த்தினார்.

"எனக்கும் அந்த வேலை தேடுற எக்கவுன்ட் ஒன்டு போட்டுத் தாங்க. என்னையும் போன மாசம் நிப்பாட்டிட்டாங்க. மாமிக்கு மட்டும் தெரிய வேணாம்."