தோன்றியதற்கு ஒரு பேர்

வாழைப்பழ மண்டியின் பின்சுவரோரம் கறுப்பாயி என்ற எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தாள். சடையன் என்ற குரங்கு ஓடிவந்தான்.

"அக்கா, ஒரு பொறி தட்டிருச்சு. நீங்க சுவரை ஒட்டி நில்லுங்க. உங்க முதுகுல ஏறினா எனக்கு ஜன்னல் எட்டும். கிடைக்கிறதுல பாதி உங்களுக்கு."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே."

"நிதானமா வந்தா அதுக்குப் பேரு யோசனை. பொறின்னா தட்டினதும் கிளம்பிடணும்."

அந்த விளக்கம் கறுப்பாயிக்குப் பிடித்துப்போனது. போய் நின்றாள். சடையன் உள்ளே புகுந்து ஒரு சீப்புப் பழத்தோடு வெளியே வரும்போது காவல்காரன் கம்போடு வந்துவிட்டான். சடையன் அவள் முதுகில் ஓர் எட்டு வைத்துப் பக்கத்து முருங்கைமரத்துக்குத் தாவினான். அடி முழுக்க எருமைக்கு விழுந்தது.

காவல்காரன் போனதும் அவள் மரத்தடிக்கு வந்தாள். "என் பாதி எங்கே?"

"தாவணும்னு எனக்கு மட்டும்தானே தோணிச்சு? அதுக்குப் பேரு சமயோசிதம். உங்க பாதி அதுக்குச் சரியாப் போச்சு" என்றான் சடையன், பழத்தை உரித்தபடி.

கறுப்பாயி வலித்த முதுகை மரத்தில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். முருங்கை மளுக்கென்றது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"ஏதோ திடீர்னு தோணிச்சு தம்பி. இதுக்கு என்ன பேருன்னு நீதான் சொல்லணும்."

சடையன் இரண்டு கையாலும் கிளையைக் கட்டிக்கொண்டான். சீப்பு கீழே விழுந்தது. அவள் அதைத் தோலோடு தின்றாள்.

"இதுக்குப் பேரு குயுக்தி" என்றான் சடையன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்ல பேராத்தான் இருக்கு" என்ற கறுப்பாயி, முதுகின் மறுபக்கத்தையும் தேய்க்கத் திரும்பினாள்.