இரண்டு தரம் பொரித்த கோழி

“இன்னா டீச்சரம்மா, என் மூஞ்சியப் பாத்துகினு குடிச்சா அந்தாளுக்குக் கள்ளு எறங்காதா?”

இருசப்பன் கேட்டதில் நியாயம் இருந்தது. வத்சலாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கிழவர் இருசப்பன் ஊற்றிக் கொடுத்த கள்ளை இரு கைகளாலும் வாங்கிய அந்தக் கொரியாக்காரர், முகத்தைச் சட்டென்று கடல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் குடித்தார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம்.

அரசு கள்ளுக்கடைகளைத் திறந்த புதிது அது. மாமல்லபுரத்து மாலை வெயில் இருசப்பனின் கீற்றுக் கொட்டகைக்குள் கசிந்துகொண்டிருந்தது. எது அலையின் இரைச்சல், எது வாணலியின் இரைச்சல் என்று பிரித்தறிய முடியாத மயக்கம்.

பாக் என்பது அவர் பெயர். சிற்பங்களைப் படம் வரைய வந்தவர். தம் ஊர்க் கோழி வறுவலை இருசப்பனின் மகள் குப்பம்மாவுக்குச் சைகையாலேயே கற்றுக் கொடுத்திருந்தார்: மாவில் புரட்டு, பொரி, ஆறவிடு, மறுபடி பொரி. ஞாயிறன்று பன்னிரண்டு நண்பர்களோடு வருவதாகப் பேச்சு. அந்த ஞாயிறு வியாபாரம் நடந்தால்தான் மழைக்கு முன் கொட்டகைக்குப் புதுக்கீற்று. இங்கிலீஷில் பேசி முடிக்கவே செங்கல்பட்டிலிருந்து வத்சலா டீச்சரை வரவழைத்திருந்தாள் குப்பம்மா.

ஐயங்கார் வீட்டுப் பெண்ணான வத்சலா, கோழியை வெளிப்படையாகவே தின்றாள். “ஜாதியெல்லாம் எனக்குக் கிடையாது” என்றாள். காரம் ஏறியதும் தன் பையிலிருந்த கூஜாவைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். குப்பம்மா அவள் முன் வைத்த தம்ளர் தண்ணீரில் வெயில் ஆடிக்கொண்டிருந்தது.

“வுடு நைனா. ஞாயித்துக்கெழம பன்னெண்டு பேரு வராங்க.”

“நம்மளப் பாத்து மூஞ்சி சுளிக்கறவனுக்கு இனிமே அடுப்பு மூட்டாத. அணைச்சுடு!”

குப்பம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“நான் கேக்கறேன்” என்று எழுந்தாள் வத்சலா. “மனுஷாளை மனுஷா மதிக்காம நடந்துண்டா நான் சும்மா விட்டதே இல்லை.”

இங்கிலீஷில் சுடச்சுடக் கேட்டாள். பாக் பதறி எழுந்து, கிழவர் முன் இடுப்பு வளையக் குனிந்தார். தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னார்.

வத்சலாவின் குரல் இறங்கிப்போயிற்று.

“இவர் ஊர்ல பெரியவா முகத்தைப் பார்த்துண்டு குடிக்கறது மரியாதை இல்லையாம். சொந்த அப்பா முன்னாலயும் இப்படித் திரும்பிண்டுதான் குடிப்பாராம்.”

இருசப்பன் வாய் பிளந்தார்.

“அடப் பாவி! என் புள்ள என் மூஞ்சி மேலயே ஏப்பம் வுடறான்! இந்தா தம்பி, இன்னொரு குவள. நல்லாத் திரும்பிக் குடி!”

அடுப்பு மறுபடி இரைந்தது. இரண்டாம் தரம் பொரிந்த துண்டுகளை வத்சலாவின் தட்டில் வைத்த குப்பம்மா, நிரம்பியே கிடந்த தம்ளரைப் பார்த்தாள், கூஜாவைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

“அவுரு திரும்பிக்கினது அவுரு ஊரு மரியாத. நீ தண்ணிய வூட்லேர்ந்து கொண்டாந்தியே, அது எந்த ஊரு மரியாத, டீச்சரம்மா?”